கடித்தால் என்ன மிஞ்சும்

எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மதிலோடு ஒட்டி நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்கி உருட்ட வேண்டும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் வீடுகள் அப்படித்தான்; ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுக்குப் பசிக்கும். அந்த ஒழுங்கைக்குள்தான் என் மனுசன் லெனாட் ஒரு றொட்வைலர் நாயைக் கொண்டுவந்து கட்டினார்.

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. கரையில் விட்டிருந்த படகிலிருந்து எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சின் போனால் எங்களுக்குக் கை போன மாதிரி. புது எஞ்சின் வந்ததும் அதைக் கரையில் விட மனம் வராமல், தொழில் முடிந்து வரும்போது தோளில் சுமந்து வந்து முற்றத்தில் பூட்டி வைப்பார். அந்த நேரம் பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்து நின்ற அவருடைய தமையன் பிலிப்பு, "விடடா, உனக்கொரு நாய் வாங்கித் தாறன்" என்றார். நான் ஏதோ ஊர்க்குட்டி ஒன்றை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். இரண்டு பேரும் நல்லூர்ப் பக்கம் யாரோ வளர்த்து விற்கிற இடத்துக்குப் போய், கறுப்பும் மண்ணிறமுமாக, உலக்கைக் காலோடு ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயரையும் பிலிப்பு அண்ணைதான் வைத்தார். நெப்போலியன். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு அது நெப்போ.

அப்போது எங்கள் மகள் ஜெசிதாவுக்கு மூன்று வயது. பயந்த பிள்ளை. குக்கர் விசிலடித்தால் ஓடிவந்து என் சட்டைக்குள் முகத்தைப் புதைப்பாள். மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பாள். கையில் ஒரு பொம்மை இருந்து யாராவது கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுவாள். "தரமாட்டன் எண்டு சொல்லன் பிள்ளை" என்றால் அதற்கும் ஒரு அழுகை.

ஒரு வருடத்தில் அந்தக் குட்டியைக் காணவில்லை; அந்த இடத்தில் ஒரு கன்றுக்குட்டி நின்றது. அதன் தலை என் பிள்ளையின் நெஞ்சளவு அகலம். லெனாட் அதோடு இங்கிலீசில்தான் கதைப்பார். சிற், ஸ்ரே, நோ. வங்கியில் யாராவது இங்கிலீசில் ஒரு சொல் கேட்டால் திரும்பி என் முகத்தைப் பார்க்கிற மனுசன் இவர்.

"உது வெளிநாட்டு இனம். தமிழிலை சொன்னால் எடுபடாது" என்றார்.

"பிறந்தது நல்லூரிலை. அதுக்கு எல்லாம் விளங்கும். உங்களுக்குத்தான் ஒண்டும் விளங்கேல்லை."

நான் வீட்டில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறவள். மெசினை யன்னலோடு போட்டிருக்கிறேன். ஒரு கண் ஊசியில், மற்றக் கண் முற்றத்தில். தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் காலில் சங்கிலி போட்டு நாயைக் கட்டியிருப்போம். அது படுத்திருக்கிற இடத்துக்கும் பிள்ளை விளையாடுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்தான். யோசித்துப் பாருங்கள், எனக்கு எப்படித் தையல் நேராக ஓடும்?

கிழமைக்கு ஒரு தடவையாவது இதே சண்டை எங்களுக்குள் வரும்.

"கெட்ட நாய் எண்டு ஒண்டில்லை, றொசாந்தி. எல்லாம் வளக்கிற விதத்திலைதான் இருக்கு."

"நான் அதைக் கெட்ட நாய் எண்டு சொன்னனோ?"

"பேந்தென்ன?"

"முன்வீட்டு நாய் மணி தபால்காரனைக் கடிச்சது. அவர் காலைக் கழுவி, ஊசியும் போட்டுக்கொண்டு, அடுத்த கிழமை சைக்கிளிலை வந்து கடிதம் தந்தவர். உது கடிச்சிருந்தால் வந்திருப்பாரோ?"

"இது கடிக்காதப்பா."

"கடிக்குமோ கடிக்காதோ எண்டு நான் கேக்கேல்லை. கடிச்சால் என்ன மிஞ்சும் எண்டு கேக்கிறன்."

"அப்பிடிப் பாத்தால் கடலுக்கும் போகேலாது. கடலும்தான் ஆளை விழுங்குது."

"கடலை நான் முற்றத்திலை கட்டி வச்சிருக்கேல்லை."

அதற்குப் பிறகு அவர் நாயைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுவார்.

எனக்கு நாயைப் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம் வேறு, பிடிக்காமல் போவது வேறு. அது நல்ல நாய். அதை நான் கோயில் படியில் நின்றும் சொல்வேன். பிள்ளை அதன் காதுகளுக்கு ரிபன் கட்டுவாள். கட்டி முடிக்கும்வரை அசையாமல் இருக்கும். அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுப்பாள். "ஆனா சொல்லு நெப்போ" என்பாள்; அது கொட்டாவி விடும். பிள்ளை காய்ச்சலோடு கிடந்தபோது வாசலை விட்டு அசையவில்லை. நான் வைத்த மீன்தலையை எறும்பு தின்றது. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்து, உன்னுடைய தாடை பெரிது, நீ வெளியே போ என்று சொல்ல வாய் வருமா? எனக்கு வந்தது. ஆனாலும் சொல்லும்போதெல்லாம் மனம் சுட்டது.

இனி அந்த நத்தாரில், அதுதான் கிறிஸ்மஸில், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நத்தாருக்கு முன்னால் எங்கள் கோயில் பங்கில் கரோல் கோஷ்டி ஒவ்வொரு வீடாகப் போகும். கிற்றார், மத்தளம், கூடவே நத்தார் பப்பா. எங்கள் பங்கு நத்தார் பப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. வாய் திறக்கக் கூடாது. ஒழுங்கைக்குள் எல்லோருக்கும் எல்லோருடைய குரலும் தெரியும். ஒருதரம் இருமினாலே "உது தனுசியான்ரை அப்பா" என்று பிள்ளைகள் பிடித்துவிடும். ஆகவே றப்பர் முகமூடி, பஞ்சுத் தாடி, கையுறை, முழங்கால்வரை சப்பாத்து. மணியைக் கிலுக்கி ஆடுவார், ரொபி எறிவார், பிள்ளைகளைத் தூக்கித் தலைக்கு மேலே சுற்றுவார், ஒரு சொல் பேசமாட்டார். அந்த முறை யார் என்பதைப் பெண்சாதிக்கும் சொல்லக் கூடாது. நத்தார்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் முகமூடியைக் கழற்றும்போதுதான் ஊருக்குத் தெரியும். அந்தச் சிவப்பு உடுப்பு வருடம் முழுக்கப் பங்கு மண்டப அலுமாரிக்குள் பூச்சி உருண்டையோடு கிடக்கும். இத்தனை வருடமாக அதைப் போட்டவர்கள் எல்லோருடைய வேர்வையும் அதில் ஊறியிருக்கும்.

ஜெசிதாவுக்கு நத்தார் பப்பா என்றாலே பயம். முந்தின வருடம் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டாள். இந்த வருடம் அவளுக்கு ஐந்து வயது. "நான் ஒளிக்கமாட்டன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோசம்.

லெனாட் வலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்னேரமே போய்விட்டார். நான் சங்கிலியைக் குறுக்கி நாயைக் கட்டிவிட்டு, கோஷ்டிக்குக் கொடுக்கக் கேக்கையும் கொக்கிஸ் பலகாரத்தையும் தட்டில் அடுக்கினேன். பொழுதுபட்டு வாசல் லைற் போட்ட நேரம், மத்தளச் சத்தம் ஒழுங்கைக்குள் வந்தது. தட்டோடு வாசலுக்கு வந்தபோது கேற் திறந்திருந்தது. நத்தார் பப்பா மணியைக் கிலுக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். பிள்ளை முற்றத்தின் நடுவில் நின்றாள். உண்மையாகவே ஒளிக்கவில்லை. ஒரு கையால் நெப்போவின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். சங்கிலி தாங்கியின் காலடியில் கிடந்தது.

கொளுக்கியைக் கழற்ற அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பயமாயிருந்திருக்கிறது. துணைக்கு அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

நான் வாயைத் திறக்கமுன் அவர் குனிந்து பிள்ளையை அள்ளித் தூக்கினார். பிள்ளை "அம்மா" என்று வீரிட்டாள். நாய் குரைக்கவில்லை. எழும்பி அவருடைய முன்கையைப் பிடித்தது, அவ்வளவுதான். மத்தளக்காரருக்கு விளங்கவில்லை, அவர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனுசன் பிள்ளையை விழவிடாமல் மற்றக் கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நாய் தலையை ஒரு உலுப்பு உலுப்பியது. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. இரண்டாவது உலுப்பில்தான் சத்தம் வந்தது.

"நெப்போ. நோ."

எனக்கும் நாய்க்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அது சட்டென்று பிடியை விட்டது. வயிறு நிலத்தில் தேய ஊர்ந்து போய் அந்தக் கறுப்புச் சப்பாத்தை நக்கியது. நடுக்கத்தில் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது. யாரோ முகமூடியை இழுத்துக் கழற்றினார்கள். என் மனுசன் பஞ்சுத் தாடி கழுத்தில் தொங்க, சுண்ணாம்பாய் வெளிறிப் போய் நின்றார்.

ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். "கோதாரி விழுந்த மனுசா, உள்ளை வரேக்கை நான்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

என் சேலையால் சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "சட்டமெல்லோ."

கை பிழைத்தது. சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் மடங்காமல் நின்றுவிட்டன. எஞ்சின் பிடிக்கலாம், வலை இழுத்தால் கயிறு வழுக்கும். இப்போதும் கூட்டாளி ஒருவர் இல்லாமல் தொழிலுக்குப் போகமாட்டார்.

இவ்வளவும் நடந்ததே, நாயை அன்றைக்கே அனுப்பியிருப்போம் என்றுதானே நினைப்பீர்கள். நடந்தது வேறு.

"அது என்னைக் கடிக்கேல்லை" என்றார் லெனாட், கட்டுப்போட்ட கையோடு. "பிள்ளையைத் தூக்க வந்த ஆரோ ஒருத்தனைக் கடிச்சது. முகம் தெரியாது, மணம் தெரியாது, சத்தமில்லை. வேறை என்ன செய்யிறது அது? என்ரை குரலைக் கேட்ட உடனை விட்டதோ இல்லையோ?"

விட்டது. அதை நான் கண்ணால் கண்டேன்.

பிரான்சிலிருந்து பிலிப்பு அண்ணை வீடியோவில் வந்தார். தம்பியின் கையைப் பார்த்துக் கண் கலங்கினார். அடுத்த நிமிடம் நாயைக் காட்டச் சொன்னார். "பாத்தியளோ, உதுதான் இனம் எண்டுறது. பிள்ளையிலை தொட விடுமோ? ஜெசிதாக் குட்டி, உன்னை இனி ஒருத்தனும் தொடேலாது, கண்டியோ." கோயிலால் வருகிறவர்கள் எங்கள் கேற்றடியில் நின்று நெப்போவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "பிள்ளையைக் காப்பாத்தின நாய்." கடைக்காரர் எலும்பு கட்டிக் கொடுத்தனுப்பினார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: உன்னைத் தொட்டால் நெப்போ விடாது.

பக்கத்து வீட்டு பெர்னடெட் அக்கா மட்டும் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி நேராகச் சொன்னா. "றொசாந்தி, உதை அனுப்பு. எனக்கும் ஒரு பொடியன் இருக்கிறான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, அது சும்மா போறவையைக் கடிக்கேல்லை" என்றேன். நானேதான். இரண்டு வருடம் தொண்டை கிழியச் சண்டை பிடித்த நான். என்ன செய்ய, எனக்கும் மனம் இளகிவிட்டது. என் பிள்ளைக்காக உயிரைக் கொடுக்க இந்த உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மீன்தலையை இப்போது நானே என் கையால் ஊட்டினேன். கொளுக்கியை மட்டும் இறுக்கமானதாக மாற்றச் சொன்னேன். லெனாட் மாற்றினார். விரல் மடங்காத கையால் அதைத் திறக்க அவருக்கே பாடாயிருந்தது.

பிள்ளையிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. கேற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள் கேற்றைத் திறந்து வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவர்களும் வந்தார்கள். குக்கர் விசிலுக்கு ஓடி வரவில்லை. அவளுடைய பெட்டிக்குள் புதுப்புதுச் சாமான்கள் சேர்ந்தன. ஒரு மஞ்சள் லொறி. பம்பரம். வண்ணத்துப்பூச்சி வைத்த தலைக் கிளிப்.

"உது ஆற்றை பிள்ளை?"

"தனுசியா தந்தவ."

"இந்த லொறி?"

"றொகான் தந்தவன்."

பிள்ளைக்கு ஒழுங்கை முழுக்கச் சிநேகிதம் வந்துவிட்டது என்று லெனாட்டிடம் சொல்லிச் சந்தோசப்பட்டேன். பேய்ச்சி நான்.

மாசி மாதம் ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளை முற்றத்தில் நின்றாள். நான் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தேன். கேற்றுக்கு வெளியே பெர்னடெட் அக்காவின் மகன் றொகான் நின்றான். அவளைவிட ஒரு வயது மூத்தவன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் பாதி மறைத்து வைத்திருந்தான். அவனுடைய மாமா அனுப்பிய சிவப்புக் கார் அந்தக் கையில் இருந்தது. எனக்கு யன்னலால் எல்லாம் தெரிந்தது. நான் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது.

என் பிள்ளை நாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒரு கை கொளுக்கியில்.

"தாறியோ, அவிட்டு விடட்டோ?"

கத்தவில்லை. கடையில் சீனி கேட்கிற குரல். அவன் கேற்றுக் கம்பிக்கு இடையால் காரை உள்ளே விட்டான். கால்கள் இரண்டையும் இறுக்கி ஒட்டிக்கொண்டு நின்றான். காற்சட்டை நனைந்து காலால் ஒழுகியது. அழவும் இல்லை. இது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது என்று அந்த அழாத முகத்தில் தெரிந்தது. நெப்போ வெயிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. பிள்ளையின் கை பட்டதும் கண்ணைத் திறக்காமலே வாலை ஒருதரம் நிலத்தில் அடித்தது.

மெசினை விட்டு எழும்பி வெளியே வந்தேன். என்னைக் கண்டதும் பிள்ளை சிரித்தாள்.

"அம்மா, றொகான் கார் தந்தவன்."

நான் கேற்றைத் திறந்து போய் அவனுக்கு முன்னால் குந்தினேன். "ஏன் தம்பி, இதை உன்ரை அம்மாவிட்டைச் சொல்லேல்லை?"

அவன் எனக்குப் பின்னால், நாயைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சொன்னால் என்ரை கையையும் லெனாட் மாமாவின்ரை கை மாதிரி ஆக்கும் எண்டு ஜெசிதா சொன்னவள், அன்ரி."

இரண்டு வருடமாக நான் நாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் கையைப் பார்க்கத் தோன்றவில்லை. அவளும் என்ன செய்வாள்? ஊரே சொன்னது, உன்னைத் தொட்டால் நெப்போ விடாது என்று. அவள் நம்பினாள்.

லெனாட் வந்ததும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடி கேட்டார். அவருடைய முகம் மாறிக்கொண்டு போனது.

"இதிலை நாயின்ரை பிழை என்ன?" என்றார் கடைசியில்.

"நாயிலை ஒரு பிழையுமில்லை."

"அப்ப பிள்ளையிலையோ?"

"அவளுக்கு அஞ்சு வயது. அவளின்ரை கையிலை உதைக் குடுத்தது நாங்கள்."

"சொல்லித் திருத்தலாம், றொசாந்தி. சின்னப் பிள்ளைதானே. திருந்துவாள்."

"திருந்துவாள். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. அவள் திருந்துமட்டும் றொகான் எங்கை போய் நிக்கிறது?"

அவர் தன் மடங்காத விரல்களை மற்றக் கையால் மடக்கிப் பார்த்தார். விட்டதும் அவை திரும்பவும் நிமிர்ந்தன.

"நான் நிண்ட உயரத்துக்கு அது கையைப் பிடிச்சது" என்றார். "அவன் நிக்கிற உயரத்துக்கு..."

அதற்குப் பிறகு எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு சண்டையும் வரவில்லை.

பளையில் நமசிவாயம் ஐயா என்று ஒருவர், லெனாட்டிடம் மீன் எடுக்கிறவர். பெரிய தென்னந்தோட்டம், சுற்றிவர மதில். பிள்ளைகள் எல்லோரும் கனடாவில்; வளவில் அவரும் கோழிகளும்தான். ஒன்றையும் மறைக்க வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பினேன். லெனாட் தன் கையைக் காட்டியே கதை முழுவதையும் சொன்னாராம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் கூட்டில் அடைத்துப் பூட்டி, திறப்பைத் தன் இடுப்பில் வைத்திருப்பதாக ஐயா சொல்லியிருக்கிறார்.

அவர் அனுப்பிய சின்ன லொறி ஒழுங்கைக்குள் வராது. றோட்டுவரை நாயை நடத்திக்கொண்டு போனோம். ஒழுங்கையில் எல்லோரும் கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பார்த்தார்கள். "சிற்" என்றார் லெனாட். அது லொறிக்குள் ஏறி இருந்தது. கடற்கரைக்குப் போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும், அவ்வளவு சந்தோசம். அவர் அதன் தலையைத் தடவினார். இங்கிலீசில் அதற்கு மேல் அவருக்குச் சொல் இல்லை.

"போட்டு வா" என்று வழியனுப்பினார்.

அது வாலாட்டுவதை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தது. அவர் அதோடு கதைத்த முதல் தமிழ் அதுவாகத்தான் இருக்கும். விளங்கியது. லொறி திரும்பி மறையும்வரை எழும்பாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் றோட்டில் நின்று அழுதேன். யார் பார்த்தாலும் எனக்கென்ன.

பிள்ளை சாப்பிடவில்லை. பாயில் குப்புறக் கிடந்தாள்.

"இனி ஆர் என்னைப் பாக்கிறது?"

"நான் பாக்கிறன், குஞ்சு."

தலையைத் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் கடிப்பியளோ?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இல்லை" என்றேன். அவள் திரும்பவும் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் அந்தப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவளுடைய கையில் கொடுத்தேன். வீடு வீடாகப் போனோம். நான் கேற்றைத் தட்டுவேன். சாமானைக் கொடுப்பது அவள். தனுசியா கிளிப்பைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பம்பரக்காரன் "நெப்போ திரும்பி வருமோ?" என்று மட்டும் கேட்டான். என் விரலைப் பிடித்திருந்த பிள்ளையின் கை ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டு வந்தது. முந்தி மாதிரியே பயந்த பிள்ளையாகிவிட்டாள். ஆனாலும் நடத்திக்கொண்டே போனேன்.

கடைசி வீடு பெர்னடெட் அக்கா வீடு. கேற்றைத் திறந்த அக்கா, அன்று நான் நாயை விட்டுக்கொடுக்காத கோபத்தில், என்னோடு முகம் கொடுக்கவில்லை. றொகான் அவவுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். முதலில் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், ஒழுங்கையைத்தான் பார்த்தான்.

"நெப்போ வரேல்லை" என்றாள் ஜெசிதா. "அது பளைக்குப் போட்டுது."

"மெய்யே?"

"ஓம்."

அவன் தாயின் சட்டையை விட்டுவிட்டு முன்னால் வந்தான். அவள் லொறியையும் காரையும் நீட்டினாள். இரண்டையும் வாங்கி நிலத்தில் கவனமாக வைத்தான். நிமிர்ந்து கையை ஓங்கி அவளுடைய கன்னத்தில் ஒன்று போட்டான். சத்தம் கேட்கிற அடி.

"டேய்" என்று பெர்னடெட் அக்கா அவனைப் பிடித்து இழுத்தா. "என்ன பழக்கம் உது?"

"விடுங்கோ அக்கா" என்றேன்.

பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தாள். நான் ஏதாவது செய்வேன் என்று பார்த்தாள். கண் நிறைந்து, உதடு பிதுங்கி, பிறகு வாய்விட்டு அழுதாள். அவளைப் பார்த்து றொகானும் அழத் தொடங்கினான். இத்தனை நாளும் அழாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அவளைவிட உரத்து அழுதான். பெர்னடெட் அக்கா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தா. நான் பிள்ளையைத் தூக்காமல், அவனையும் தடுக்காமல், இரண்டு பேரும் அழுது முடியும்வரை நின்றேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குத் தலை இழுத்துப் பின்னும்போது அவளுடைய கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"றொகான் இண்டைக்கும் அடிப்பானோ?" என்றாள்.

"அடிச்சாலும் அடிப்பான்."

"அப்ப நானும் அடிப்பன்."

நான் ரிபனைக் கட்டினேன். கன்னத்தில் ஒரு தடமும் மிஞ்சவில்லை; அவனுடைய கை பட்டது எந்தக் கன்னத்தில் என்று எனக்கே தெரியவில்லை.